இது உன் நோக்கம் அல்ல

கல்லூரியில் சேர்ந்த அன்றே எங்கள் கையில் வளையம் மாட்டிவிட்டார்கள். யார் எதற்காகப் பிறந்தவர் என்று அதுவே சொல்லிவிடும். எனக்கு 'கிடங்கு மேலாண்மை' என்று வந்தது. நானோ தினமும் சாயங்காலம் காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளின் புத்தகத்தைத் திறந்தாலே வளையம் அலறும்: "இது உன் நோக்கம் அல்ல!"

"யக்கா, உன் மாமியா கத்துது பாரு!" என்பாள் ஏழு வயது ஷர்மி.

நேற்று கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். "இன்னொரு தடவை வளையம் கத்துச்சுன்னா உன்னை காலேஜ்ல வெச்சுக்க முடியாதும்மா."

"ஷர்மி இப்பத்தான் சார் எழுத்துக் கூட்டுறா. இப்ப எப்படி விடுறது?"

இன்று மறுபடி புத்தகத்தைத் திறந்தேன். வளையம் அலறியது. என் முதுகுக்குப் பின்னாலும் அலறல். திரும்பினால், சாக்கு நிறைய சிலேட்டுகளோடு வகுப்புத் தோழன் தமீம். அவனுக்குப் பின்னால் எங்கள் வகுப்பே நின்றது. எல்லார் கையிலும் திறந்த புத்தகம், எல்லார் வளையத்திலும் ஒரே கத்தல்.

"எத்தனை பேரைத்தான் வெளிய அனுப்புவாங்க? பாத்துடலாம்டி" என்றான் தமீம்.

ஷர்மி காதைப் பொத்திக்கொண்டாள். "யம்மாடி, இத்தினி மாமியாவா!"

பிறகு கையை எடுத்துவிட்டு, எல்லா வளையத்தையும்விடச் சத்தமாக எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.