எங்கே நிற்பது

வாவிப் பக்கம் சாய்ந்த வெயில் குருக்கள்மடத்து மைதானத்தில் மஞ்சளாய்க் கிடக்கிறது. காசுக்கு விளையாடும் ஜெயசுதன் புதுக் கழகத்தின் பச்சைச் சட்டையோடு நிற்கிறான். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் வராவிட்டால் கையுறை மாட்டுவான். பந்து போடுகிறவனுக்குக் காலில் தசை பிடித்தால் பந்தை வாங்குவான். இத்தனை வருசமாய், எந்தக் கழகம் கூப்பிட்டாலும் ஆளில்லாத இடம்தான் அவன் இடம். இன்றைக்கு எல்லாரும் வந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் நோவில்லை.

"மச்சான், இண்டைக்கு நீ விரும்பின இடத்துல நில்லு. எங்க நிக்கப் போறாய்?" என்று கேட்கிறான் அணித்தலைவன் அக்ரம்.

ஜெயசுதன் விக்கெட்டைப் பார்க்கிறான், தூரத்து எல்லைக் கயிற்றைப் பார்க்கிறான். மற்றவர்கள் அவரவர் இடத்துக்கு ஓடிவிட்டார்கள்.

"கெதியாச் சொல்லு மச்சான்!" என்று அவசரப்படுத்துகிறான் அக்ரம்.

அவன் தலையைச் சொறிகிறான். "ஆரும் வராம இருக்காங்களா?" என்று கேட்கிறான்.