முதல் குடம்

"நா மொள்ள மாட்டனுங்க, சாமி" என்று பாவாத்தாள் குடத்தோடு ஒதுங்கி நின்றாள்.

கூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சேரிக்கென்றே புதுக் கிணறு. நீதான் மூத்தவள், முதல் குடம் எடு என்று மரியாதையாகக் கூப்பிட்டால் மாட்டேன் என்கிறாளே!

எல்லோரையும்விட அதிகமாக வலித்தது திருமூர்த்திக்குத்தான்.

அவர் சிமெண்ட் கம்பெனியின் பிரதிநிதி. கோயமுத்தூரில் மில்லுக்கும் பங்களாவுக்கும் பிளான் போடும் ஆர்க்கிடெக்டுகளைத் தேடிப்போய், எந்த இடத்துக்குச் சிமெண்ட் பொருந்தும், எப்படிக் கலக்க வேண்டும் என்று யோசனை சொல்வது அவர் வேலை. சுண்ணாம்பையே நம்பியிருந்த ஊரில் வாய் ஓயாமல் பேசித்தான் ஒவ்வொரு மூட்டையும் விற்க வேண்டியிருந்தது.

இந்தக் கிணற்றில் மட்டும் அவர் வியாபாரம் பார்க்கவில்லை.

காரமடைப் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் ஆறுச்சாமி, தன் பங்களா பிளானுக்காக ஆர்க்கிடெக்ட் வரதராசனைப் பார்க்க வந்தவர், எழுந்து போகும்போது சொன்னார்:

"எங்கூர்ச் சேரிச் சனத்துக்கு ஒரு கெணறு வேணுமுங்க. செலவு என்னுது. ஆனா வெரசா முடியோணும்."

வரதராசன் தயங்கினார். "மில் வேலையே தலைக்கு மேல கிடக்கு. அப்படி என்ன அவசரம்?"

பக்கத்தில் இருந்த திருமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை.

"தாகத்துக்கு நாள் பாக்க முடியுமுங்களா, சார்? அங்க பொலபொலன்னு சரியற மண்ணு. செங்கல் வெச்சுக் கட்டினா நாளும் ஆகும், நிக்கவும் நிக்காது. சிமெண்டுல வட்ட வட்டமா உறை வார்த்து இறக்கிப்போடலாமுங்க. நானே கூட இருந்து பாத்துக்கறேன்."

சொன்னபடியே நின்றார். கம்பெனியிடம் மன்றாடி மூட்டைகளை இனாமாக வாங்கினார். வரதராசனையும் பீஸ் இல்லாமல் பிளான் போட வைத்தார். வார்த்த உறைகளுக்கு ஈரச் சாக்குப் போர்த்தி, வெயிலில் வெடிக்காதபடி தானே தண்ணீர் ஊற்றினார்.

"கமிஷன் இல்லாத வேலைக்கு இத்தனை அலைச்சலா?" என்று மனைவி கனகம் கேட்டதற்கு, "பங்களாவுக்கு யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க" என்றார்.

அப்பேர்ப்பட்ட கிணற்றைத்தான் இவள் வேண்டாம் என்கிறாள்.

திருமூர்த்தி அவளிடம் போனார். "ஏம்மா, கெணத்துல என்ன கொறை?"

"கொறையே இல்லீங்க, சாமி. தண்ணி தேனாட்டத்தான் இருக்கும்."

"அப்புறமென்ன?"

அவள் ஆறுச்சாமி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "நாங்க இதுல மொண்டாச் செரிப்படாதுங்க."

திருமூர்த்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஊர்க் கெணத்துக்கிட்டப் போக முடியாம, தூரத்துல குடத்தை வெச்சுட்டு, யாராச்சும் மனசு வந்து ஊத்துவாங்களான்னு காத்துக் கிடக்கறீங்க. அந்தக் கஷ்டம் தீரட்டும்னுதானே இத்தனை பாடு? கொஞ்சமாச்சும் நன்றி வேண்டாமா?"

அவள் குடத்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தானே கயிற்றைப் பிடித்து இறைத்தார். இடுப்பில் குழந்தையோடு நின்ற சேரியின் இளம்பெண் பூவாத்தாளைக் கூப்பிட்டு, அவள் குடம் நிறைய ஊற்றினார்.

"வேண்டாண்டி, பூவாத்தா!" என்று கத்தினாள் பாவாத்தாள்.

அதற்குள் பூவாத்தாள் ஒரு கை அள்ளிக் குழந்தைக்குப் புகட்டிவிட்டாள். கூட்டம் கை தட்டியது.

பாவாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறுச்சாமிக்குப் பக்கத்தில் அதுவரை சும்மா நின்றிருந்த கறுப்புக் கோட்டுக்காரர் முன்னால் வந்து பேனாவைத் திறந்தார்.

"முதல் குடம் இறைச்சுக் குடுத்தது நீங்கதானே? பேரைச் சொல்லுங்க. இவங்க இதுல குடிச்சதுக்குச் சாட்சி வேணும்."

"சாட்சியா? எதுக்குங்க?"

ஆறுச்சாமி சிரித்தபடி திருமூர்த்தியின் தோளில் கை போட்டார்.

"ஐயா கோர்ட்டுல இருந்து எடத்தைப் பாத்து எழுத வந்த கமிஷனருங்க. ஊர்ப் பொதுக் கெணத்துல எங்களுக்கும் எறைக்கப் பாத்தியதை உண்டுன்னு பாவாத்தா கேசு போட்டிருக்கறா. ஜெயிச்சுப்போடுவா போலத்தான் இருந்துதுங்க. இனி எப்படி ஜெயிப்பா? அவியளுக்குத்தான் தனிக் கெணறு ஆகிப்போச்சே!"