வரப்போகும் பற்கள்

சிகிச்சை முடிந்தால் என் பற்கள் எப்படி வரிசையாக நிற்கும் என்று பல் மருத்துவர் கணினியில் ஒரு படம் செய்து காட்டியிருந்தார். அதையே அம்மா மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்கள் பெண் பார்க்க வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் பேசாமல் மாலை வகுப்புக்கே போயிருக்கலாம்.

"போட்டோல அப்படிச் சிரிச்சே, இப்ப வாயே தெறக்க மாட்டேங்கறியே சுகந்தி?" என்றார் பையனின் அம்மா.

"கூச்சங்க," என்ற அம்மா, என் காதருகே குனிந்து, "தெறந்தே, கொன்னுருவேன்," என்றாள்.

எனக்கு இவ்வளவு கோபம் வருவது நியாயம்தானா என்று யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்குப் பிடித்திருப்பது படத்தில் இருப்பவளை. நான் அவளாக மாற இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

"பஜ்ஜியாவது சாப்பிடும்மா," என்றார் பையனின் அம்மா.

பல்லை நேராக்கும் பிளாஸ்டிக் உறையான அலைனரை மாட்டிக்கொண்டு எதையும் சாப்பிடக் கூடாது. மருத்துவர் சொல்லித்தந்தபடி கடைவாய்ப் பக்கமிருந்து நெம்பி, முதலில் மேலே உள்ளதையும் பிறகு கீழே உள்ளதையும் கழற்றி, எச்சில் ஈரத்தோடு வெற்றிலைத் தட்டில் வைத்தேன். பையன் செல்போனில் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரும்வரை காத்திருந்து, நன்றாகச் சிரித்துவிட்டு, துருத்திக்கொண்டிருக்கும் முன்பல்லால் பஜ்ஜியைக் கடித்தேன்.