யாரை முதலில் கேட்பது?

"உனக்காக எவ்வளவோ அடிச்சுப் பேசினேம்மா. அந்தக் கருங்கல் அசையணுமே" என்று உச்சுக் கொட்டினார் சூப்பர்வைசர்.

கருங்கல் என்பது அந்த மூக்குக்கண்ணாடி கம்பெனியின் கிளைத் தலைவர். கடைசி அறையில், மங்கலான கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பவர். காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு கொடுத்தால் ஒரு நாள் வீட்டில் படுக்கலாம். மற்றபடி அவர் வந்த மூன்று வருஷத்தில் அங்கே ஒருத்தருக்கும் லீவு கிடைத்ததில்லை. கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டால் 'அனுமதி இல்லை' என்று வரும். பின்னாலேயே சூப்பர்வைசர் வந்து ஆறுதல் சொல்வார். பேச்சில் தேன் ஒழுகும்.

பேக்கிங் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக டேப்பிடம் வந்தாள்.

டேப்பு அங்கே புரோகிராமர். யார் குரலையும் அப்படியே திருப்பிப் போடுவாள், அதனால் அந்தப் பெயர். கருங்கல்லின் குரல் மட்டும் அவளுக்கு வராது. அவர் பேசி யார் கேட்டது?

அக்காவின் மகளுக்குத் திக்குவாய். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மேடையில் முதல் தடவையாகப் பேசப்போகிறாள். அம்மா முன்வரிசையில் இல்லாவிட்டால் மேடை ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"நீ உள்ளே எதையாவது திருகி, சரின்னு வர வெச்சுடேன்."

"திருட்டு வேலை பண்ண மாட்டேங்க்கா. எட்டிப் பாக்கறேன், அதுல தப்பில்ல."

லீவு புரோகிராம் அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போனது. விஷயம் ஒரே வரி. முதலில் சூப்பர்வைசர் சம்மதம், நடுவில் '&&' என்று ஒரு குறி, பிறகு தலைவர் சம்மதம்.

டேப்பு அதை இரண்டு முறை படித்தாள். உதட்டோரம் துடித்தது.

"இந்தக் குறிக்கு அர்த்தம், ரெண்டு பேரும் தலையாட்டணும். ஆனா இது சரியான சோம்பேறிக்கா. முதல் ஆள் முடியாதுன்னுட்டா, ரெண்டாவது ஆள்கிட்ட போகவே போகாது. எப்படியும் முடியாதுதானே, எதுக்கு வீணா நடக்கணும்னு அங்கேயே படுத்துக்கும்."

அக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. இரண்டு பேரையும் இடம் மாற்றிப் போட்டால் பதில் மாறுமா என்று கேட்டாள்.

"கணக்குப்படி மாறாது. யார் கதவை முதல்ல தட்டுதுங்கறது மட்டும் மாறும்."

வெட்டினாள், ஒட்டினாள். வரியில் முதலில் நின்ற சூப்பர்வைசர் பின்னால் போனார், தலைவர் முன்னால் வந்தார். "மறுபடி போடும்மா, நான் இருக்கேன்ல" என்றாள், அச்சு அசல் சூப்பர்வைசர் குரலில். அழுகையை மீறி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கண்ணாடிக் கதவு திறந்தது. கருங்கல் வெளியே வந்தார். நாற்காலிகள் கிறீச்சிட எல்லோரும் எழுந்தார்கள்.

"லீவு கேட்டது யாரு?"

அக்காவின் கை பாதிவரைதான் உயர்ந்தது. அதற்குள் சூப்பர்வைசர் குறுக்கே பாய்ந்து, படித்துப் படித்துச் சொன்னேன், இந்தப் பெண் கேட்கவில்லை, இனிமேல் சாரைத் தொந்தரவு பண்ண விடமாட்டேன் என்று மூச்சு விடாமல் அளந்தார்.

"நான் அப்பவே சரி குடுத்துட்டேனே. உங்க பதில்தான் பாக்கின்னு காட்டுது" என்றார் கருங்கல்.

மொத்த ஆபீசும் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. மூன்று வருஷமாக 'இல்லை'யிலேயே பழகிய விரல். வழி தெரியாமல் ஸ்கிரீனில் கொஞ்சம் அலைந்துவிட்டு, 'சரி'யில் போய் விழுந்தது.

அக்கா மகளுக்குப் போன் போட வராந்தாவுக்கு ஓடினாள். சூப்பர்வைசருக்குத் திடீரென்று கிடங்கில் ஏதோ வேலை வந்துவிட்டது.

கருங்கல் மட்டும் போகவில்லை. டேப்பின் மேஜைக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அப்ப இங்கே லீவு கேக்கலாமா? மூணு வருஷத்துல எங்கிட்ட வந்த முதல் விண்ணப்பம் இதுதான். நீங்க யாருமே கேக்காம உழைக்கறப்ப நான் மட்டும் எப்படிக் கேக்கறதுன்னு, என் கல்யாணத்தைக்கூட ஞாயித்துக்கிழமையா பாத்து வெச்சுக்கிட்டேன்."