புகார் எழுதியது யார்?

காலையில் வந்ததும் வராததுமாக மேனேஜர் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஊழியர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். கேள்வி ஒன்றுதான்.

"இந்தப் புகாரை எழுதினது நீங்களா?"

அவருக்கு நாங்கள் வைத்த பேர் கஞ்சி. சட்டையும் விறைப்பு, முகமும் விறைப்பு. பேப்பருக்குக் குண்டூசி குத்தினால்கூட, தாள் கிழியக் கூடாதென்று பழைய காலண்டர் அட்டையை நகத்தளவு வெட்டி அடியில் வைக்கிற ஆசாமி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

முந்தின நாள்தான் நோட்டீஸ் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் புகார்களை விசாரிக்கிற ஆணையத்திலிருந்து. தபால் பிரிவில் இருக்கிற நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இந்த அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி ஊழியருக்குப் பாரபட்சம் நடக்கிறது, அதற்கு மேனேஜர்தான் பொறுப்பு என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் பெயர் ரகசியம்.

யாரோ என்ன யாரோ. எங்களுக்குத் தெரியாதா?

ரெக்கார்டு செக்‌ஷனில் ஒரு பெண். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். செக்‌ஷன் இருப்பதோ மாடியில். பதினேழு படி, லிஃப்ட் கிடையாது. கீழே ஒரு பெரிய அறை வருஷம் பூரா பூட்டியே கிடக்கிறது, தலைமை அலுவலகத்துப் பெரிய மனுஷர்கள் வந்தால் உட்காருவதற்காம். வேலைக்குச் சேர்ந்த வாரமே அவள் கேட்டாள், "அந்த ரூம்ல எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுக்க முடியுமா சார்?"

"முடியாதும்மா" என்றார் கஞ்சி, எல்லார் முன்னாலும்.

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாசமாக ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகிறாள். இப்படி அமுக்கமாக இருக்கிற ஆளை நம்பவே கூடாது என்று கேன்டீனில் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

என் முறை வந்தது.

"நீங்களா?"

"நானா? எனக்கெதுக்கு சார் ஊர் வம்பு? அந்தப் பொண்ணாத்தான் இருக்கும்."

"எழுதும்போது பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா சார்? படி ஏறுறது அந்தப் பொண்ணுதானே."

கஞ்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, போங்க."

கடைசியாக அவள் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"நான் எழுதலை சார். எழுதியிருந்தா எழுதினேன்னு சொல்லிடுவேன்."

"சரிம்மா."

"அடுத்த மாசம் என்னை நிரந்தரம் பண்ணணும் சார். வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான். இதைக் காரணம் காட்டி..."

"போய் வேலையைப் பாருங்கம்மா."

அன்று சாயங்காலமே தலைமை அலுவலகத்துக்கு அரக்கு வைத்த கவர் ஒன்று போனது. மேலே அவள் பெயர், 'ரகசியம்' என்ற முத்திரை. பதிவேட்டில் ஏற்றியது நான்தான். சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சாப்பாட்டுப் பையை மாடிவரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைக்கிற நானும் நிறுத்திவிட்டேன். அவளோடு சேர்த்து நம் தலையும் உருளுவானேன்? பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினாள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் பார்க்காமல் இருந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் விசாரணை அதிகாரி வந்தார். படிகளை எண்ணினார். பூட்டிய அறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு சோபாவும் அதன்மேல் தூசியும். அங்கேயே உட்கார்ந்து உத்தரவு எழுதிவிட்டார். ரெக்கார்டு செக்‌ஷன் ஒரு வாரத்துக்குள் கீழே வர வேண்டும், வாசல் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்ட வேண்டும், மேனேஜருக்கு எழுத்து மூலம் கண்டனம். அவர் பிரமோஷன் அதோடு போச்சு. கஞ்சிக்கு நன்றாக வேண்டும் என்று நாங்கள் கண்ஜாடை காட்டிக்கொண்டோம்.

அன்றைய தபாலிலேயே அவளுக்கும் ஒரு கவர் இருந்தது. நின்ற இடத்திலேயே பிரித்தாள்.

வேலை நிரந்தரம். சிபாரிசு செய்தவர் மேனேஜர். சிபாரிசுத் தேதி, எங்களை விசாரித்த அதே நாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இதை ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க" என்று அதிகாரி ஃபைலை நீட்டினார். புகார்க் கடிதம் மேலேயே இருந்தது. எழுதியவர் பெயர்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. குண்டூசியை உருவினேன்.

நகத்தளவு காலண்டர் அட்டைத் துண்டு ஒன்று காலடியில் விழுந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அட்டையை மேஜைமேல் வைத்தேன்.

"சார்... உங்க மேலேயே நீங்களா?"

அவர் நிமிரவில்லை. "அந்த ரூமைக் கேட்டு மூணு தடவை தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். மூணு கவரும் உங்க கையாலதான் போச்சு. மூணு தடவையும் 'அவசியம் எழவில்லை'ன்னு பதில். கோரிக்கைன்னா குப்பையில போட்டுடலாம். புகார்னா முப்பது நாள்ல பதில் சொல்லியே ஆகணும்."

"அப்போ எழுதினது யாருன்னு உங்களுக்கு முதல்லேயே தெரியும். பின்னே எதுக்கு சார் எங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிச்சீங்க?"

அட்டைத் துண்டை எடுத்து டிராயரில் போட்டு மூடினார்.

"'நான் எழுதலை சார், ஆனா எழுதியிருக்கணும்'னு மீதிப் பதினோரு பேர்ல ஒருத்தராவது சொல்வீங்கன்னு பார்த்தேன்."