கையில் பந்து இருப்பவர்

அந்தப் பழைய ரயில் நிலையம் இப்போது அருங்காட்சியகம். ஆய்வுக்கு வந்த அதிகாரி டோக்கன் இயந்திரத்தைத் திறந்து பார்த்தார். உள்ளே இருக்கவேண்டிய இரும்புப் பந்தைக் காணவில்லை.

“பந்து எங்கய்யா? தொலைஞ்சிருந்தா உன் வேலையும் போச்சு!”

“தொலையலை சார்,” என்றார் வழிகாட்டி. “முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு கேளுங்க. தண்டவாளம் ஒண்ணு, வண்டி ரெண்டு பக்கத்துல இருந்தும் வரும். பந்து எந்த டிரைவர் கையில இருக்கோ, அவர் மட்டும்தான் கிளம்பலாம். அடுத்த ஸ்டேஷன்ல அதை ஒப்படைக்கிற வரைக்கும் இன்னொரு பந்து வெளியே வராது. மோதலே கிடையாது!”

“பாடம் போதும். பந்து எங்க?”

வழிகாட்டி தலையைச் சொறிந்தார். “டிக்கெட் கவுண்டர்ல சார். அங்க இருக்கிறது என் வீட்டுக்காரி. பந்து யார் கையில இருக்கோ, அவங்க மட்டும்தான் கோபப்படலாம்னு எங்களுக்குள்ள ஒப்பந்தம். பன்னிரண்டு வருஷமா மோதல் இல்லை.”

அதிகாரி விறுவிறுவென்று கவுண்டருக்குப் போனார். மடியில் பந்தோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

“என் வண்டி இன்னும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரலை சார். கொஞ்சம் காத்திருங்க.”

அதிகாரி வந்த வேகத்திலேயே திரும்பிப் போய் அறிக்கையில் எழுதினார்: ‘டோக்கன் இயந்திரம் நல்ல முறையில் இயங்குகிறது.’