இன்னும் கொஞ்சம் கீழே

காரைத் தரையோடு தாழ்த்த, மகனின் காருக்குக் குட்டை ஸ்பிரிங் மாட்டியாகிவிட்டது. மெக்கானிக் படுத்தபடி உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இன்னும் கொஞ்சம் இறக்குங்க.”

“டயருக்கு மேல ரெண்டு விரல்தான் சார் இடைவெளி. இதுக்கு மேல இறக்கினா ஸ்பீட் பிரேக்கர்ல அடி உரசும்.”

“பரவாயில்ல. ஒரு விரலாக்குங்க.”

மெக்கானிக் ஸ்பேனரோடு எழுந்து உட்கார்ந்தார். இந்த மாதிரி வேலைக்கு அப்பாக்கள் சண்டை போடத்தான் வருவார்கள்.

மகனுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “நேத்துவரைக்கும் இந்தக் காரைக் கண்டாலே எரிஞ்சு விழுவாருண்ணே. திடீர்னு ரசனை வந்துடுச்சு.”

வேலை முடிந்ததும் தாவி ஏறி, வழக்கம்போல் உறுமவிட்டுக்கொண்டு கிளம்பினான். அப்பா ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே கரகரவென்று சத்தம். கார் நின்றது. பிறகு தெரு முடியும்வரை ஊர்ந்துகொண்டே போனது.

“நான்தான் சொன்னேனே சார், உரசும்னு” என்றார் மெக்கானிக்.

அப்பா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“போன மாசம் வேகமாப் போய் ஒரு லாரிக்கு அடியில போகப் பார்த்தான். மெதுவாப் போடான்னு நான் சொன்னா எங்க கேக்கறான்? இனி ரோடு சொல்லட்டும்.”